வலித்தது என் முட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மலை ஏறப் போனாள். நான் போகவில்லை.

வீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெண்டைக்காயைக் கழுவிவிட்டு நறுக்க வேண்டுமா, நறுக்கிவிட்டுக் கழுவ வேண்டுமா? எழுபத்தோரு வயதில் வருகிற சந்தேகமா இது! போன் செய்து கேட்கலாம் என்றால் மலையில் டவர் கிடையாது. நறுக்கிவிட்டுக் கழுவினேன். அதன் விளைவை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ஏன் போகவில்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மலை மேல் இருக்கிற ஏரியைப் பார்க்கப் போனதும், பாதி வழியில் மனைவிக்கு முட்டி வலி வந்ததும், 'ஏரி எங்கே ஓடிவிடப்போகிறது?' என்று நானும் அவளோடு பாறையில் உட்கார்ந்துவிட்டதும்... நிறையப் பேர் பாராட்டினீர்கள். கூடுவாஞ்சேரி வாசகி ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டி, தன் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

அம்மா, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நான் எழுதியது பொய்.

என் மனைவி வசந்தாவுக்கு அன்றைக்கு முட்டி வலிக்கவே இல்லை. வலித்தது எனக்கு.

நாங்கள் தாம்பரத்தை அடுத்த சேலையூர் பக்கம் இருக்கிறோம். காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவி பெனிட்டா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாதபோதும் இருப்பது போலவே பேசுவார். அவ்வப்போது ஒரு ஞாயிறு வேன் பிடித்து எங்களை எங்காவது ஒரு மலைக்குக் கூட்டிப்போவார். போன முறை, மலை மேல் ஒரு ஏரி இருக்கிறது என்று சொல்லி, போனில் போட்டோ காட்டினார். கரும்பாறைகளுக்கு நடுவே பச்சையாக, அசையாமல் தண்ணீர்.

வசந்தா அந்தப் போனை வாங்கினாள். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நம்ம பக்கம் ஏரின்னா பள்ளத்துல இருக்கும். இது எப்படிங்க மேலே போய் நிக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

கேட்டது யாரை? கல்லூரியில் புவியியல் நடத்தி ரிட்டயர் ஆன மனிதனை! விடுவேனா? வீடு வந்து சேரும்வரை பாடம் எடுத்தேன். பாறைப் படுகை, வெடிப்பில்லாத அடித்தளம், மழை, ஊற்று... கரும்பலகை இல்லாததுதான் குறை.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சரி. நான் போய்ப் பாத்துக்கிறேன்."

மறுநாளே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட்டைத் தொடுவதில்லை. மேற்குத் தாம்பரத்துக்குக் காய் வாங்கப் போனால், ஸ்டேஷன் மேம்பாலத்தில் கனமான பையோடு படியிலேயே ஏறி இறங்கிவிட்டு வருவாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தீர்மானித்த ஊர்களுக்கு, நான் எடுத்த டிக்கெட்டில் வந்தவள். 'எனக்கு இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்' என்று அவளாக ஆசைப்பட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

நான் என்ன பயிற்சி எடுத்தேன்? மேப் பார்த்தேன். மேப்பில் உயரத்தைக் காட்டும் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் சரிவு குறைவு. ஒட்டி ஒட்டி இருந்தால் செங்குத்து. பல வருடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இந்த மலையின் மேற்பாதியில் அந்தக் கோடுகள் கூட்ட நேரத்து மின்சார ரயிலில் நிற்பவர்களைப் போல நெருக்கிக்கொண்டு நின்றன. 'கொஞ்சம் ஏற்றம்தான்' என்று மேப்பை மடித்து வைத்துவிட்டேன்.

விடிவதற்கு முன்பே வேன் கிளம்பியது. வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, ஆந்திர எல்லையைத் தாண்டி, ஒரு மலையடிவாரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே நாம் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தோடு அங்கே இருப்போம்.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. வறண்ட ஓடைக்குள் உருண்டைக் கற்கள் மேல் நடந்தோம். பிறகு முட்புதர். அதற்கப்புறம் பாதை ஓடையை விட்டுவிட்டு, சட்டென்று தலையை நிமிர்த்தியது. சிவப்பு மண், அதன் மேல் பொடிக் கற்கள். ஒரு அடி வைத்தால் பாதி அடி பின்னால் சறுக்குகிறது. வேரைப் பிடி, பாறையைப் பிடி, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் கடவுளைப் பிடி. கண்ணாடிக்குள் வியர்வை இறங்கி, உலகமே தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. இரண்டு முட்டிகளும் தனித்தனியாக வலித்தன.

வசந்தா? எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேசாமல், ஒரே சீராக. மேம்பாலத்துப் படி ஏறுவது மாதிரி.

எனக்குப் பின்னால் ஏழுமலை. சேலையூரின் பழைய குடும்பத்துக்காரர். அவர் தாத்தா நெல் நட்ட வயலில்தான் எங்கள் அபார்ட்மென்ட் நிற்கிறது. அதை வாரம் ஒருமுறையாவது நினைவூட்டாமல் விட மாட்டார்.

"இன்னா சார், நின்னுட்ட? மூச்சு வாங்குதா?"

"இல்லை இல்லை... போட்டோ எடுக்கலாம்னு."

"போனு பாக்கெட்டுல கீதே சார்."

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தேன்.

பாதி மலைக்கு மேல் ஒரு தட்டைப் பாறை. எல்லோரும் அங்கே நின்றோம். பெனிட்டா மேலே கை காட்டினார். பாதை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சுவர் மாதிரி எழும்புகிற பாறை, நடுவில் ஒரு பிளவு.

"இதுக்கு மேல செம ஸ்டீப். கையை ஊனி ஏறணும். நடுவுல மனசு மாறினா எறங்கறது கஷ்டம். யாருக்காவது முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆனா யாரையும் தனியா விட மாட்டேன், கூட ஒருத்தர் இருக்கணும். சொல்றதுல தப்பே இல்லை. நோ ஈகோ, ப்ளீஸ்."

எல்லோரையும் சுற்றி வந்த அவர் பார்வை என் மேல் நின்றது.

வாயைத் திறந்தேன். எனக்கு முடியவில்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அதை மட்டும் நம்புங்கள்.

"வசந்தாவுக்கு முட்டி வலிக்குதும்மா. அவளா சொல்ல மாட்டா," என்றேன்.

எப்படி வந்தது அந்த வாக்கியம்? நான் யோசிக்கவே இல்லை. அதுதான் விஷயம் — யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. நம் வீட்டு ஆண்களின் அசௌகரியம் எல்லாம் எப்போதும் மனைவி பெயரில்தானே வெளியே வருகிறது? ரிசப்ஷனிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டுமா? "அவளுக்குத் தலைவலி." சொந்தக்காரர் வீட்டில் தங்கப் பிடிக்கவில்லையா? "இடம் மாறினா அவளுக்குத் தூக்கம் வராது." பக்கத்து வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போகச் சோம்பலா? "அவளுக்கு முடியலை." சொல்லும்போது அவள் பக்கத்திலேயே நிற்பாள். ஆமாம் என்று தலையாட்டுவாள். இப்படிப் பல வருடங்களாக எங்கள் வீட்டில் எல்லா நோயும் வசந்தாவுக்குத்தான். நான் இரும்பு.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு குனிந்து, தன் முட்டியில் கை வைத்தாள்.

"ஆமாம்மா. கொஞ்சம் புடிச்சுக்கிச்சு."

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏழுமலை நல்ல மனிதர். அவருக்கு அங்கேதானா நல்ல மனசு வர வேண்டும்?

"அக்காவோட நான் குந்திக்கிறேன் சார். நான் ஏற்கெனவே ரெண்டு வாட்டி பாத்துட்டேன். நீ போய் ஜாலியா பாத்துட்டு வா."

மாட்டிக்கொண்டேன். மேலே போனால் உயிர் போகும். போகாமல் இருந்தால் மானம் போகும். அந்த இக்கட்டில் என் மூளை, அதற்கே தெரியாத வேகத்தில், வாழ்க்கையிலேயே மிக அழகான வசனத்தைக் கொடுத்தது.

"அவ இல்லாம நான் மட்டும் பாத்து என்ன ஏழுமலை? அவ இருக்கற இடம்தான் எனக்கு ஏரி."

'ஆ...' என்று ஒரு சத்தம் வந்தது கூட்டத்திலிருந்து. யாரோ கைதட்டினார்கள். பெனிட்டா நெகிழ்ந்துபோய் எங்கள் இருவரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். "அங்கிள் மாதிரி ஒருத்தர் கிடைச்சா நான்கூட கல்யாணம் பண்ணிப்பேன்," என்றது ஒரு ஐ.டி. கம்பெனிப் பெண். எல்லோரும் சிரித்துக்கொண்டே பாறைப் பிளவில் ஏறி மறைந்தார்கள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

கீழே நல்ல காட்சி. வயல், குளம், தூரத்தில் சாலை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே பார்க்கவே இல்லை. அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஒரு கூச்சல். பிறகு பல குரல்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது வார்த்தையே தெளிவாக விழுந்தது: "ஐயோ, என்னா ஜில்லு... காலை வெச்சுப் பாருங்க!" அவ்வளவு பக்கம். அவ்வளவு பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

வசந்தா எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள்.

"எந்த முட்டி?"

"என்ன?"

"எந்தக் கால்னு நீங்க சொல்லலை. எறங்கறப்போ எந்தக் காலை நொண்டணும்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மன்னித்துவிடு என்று சொன்னேனா? இல்லை. வாயில் சாதத்தோடு "வலது" என்றேன்.

அவள் வலது காலை நொண்டிக்கொண்டே மலை இறங்கினாள். நல்ல காலால் நொண்டி இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று, உண்மையிலேயே வலித்த முட்டிகளோடு பின்னால் இறங்கிய எனக்குத் தெரியும். நடுவில் ஒருமுறை மறந்துபோய் இடது காலை நொண்டினாள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்று மாலைக்குள் எங்கள் போட்டோவுக்குக் கீழே வாட்ஸ்அப் குரூப் இதயங்களும் கைதட்டல்களுமாக நிறைந்துவிட்டது. அந்த மயக்கத்தில்தான் உங்களுக்கும் எழுதினேன். 'அவள் இருக்கும் இடம்தான் ஏரி' என்ற வரியைத் தலைப்பாகவே வைத்தேன் — வெட்கமே இல்லாமல்.

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. சொன்ன இடத்தோடு அது நிற்பதில்லை, வீடுவரை வரும். மறுநாள் நடைக்குப் போனால் எல்லோரும் அவள் முட்டியைத்தான் பார்த்தார்கள். வேறு வழி? நொண்டினாள். ஒருவர் கேரளத்துத் தைலம் கொடுத்தார். இன்னொருவர் பிரண்டைத் துவையல் செய்முறையை அனுப்பினார். ஏழுமலை வீட்டிலிருந்து தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப் வந்தது. வசந்தா அதைத் தொடவில்லை. நான்தான் குடித்தேன். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்கே போய்ச் சேர்ந்தது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. 'கொஞ்ச நாள் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்' என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் பெனிட்டாவின் செய்தி குரூப்பில் வந்தது. போன முறை விட்டுப்போனவர்களுக்காக மறுபடியும் அதே ஏரிக்குப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. கூடவே ஒரு வரி: 'வசந்தா ஆன்ட்டி, இந்த முறை நீங்க ரெஸ்ட் எடுங்க. முட்டியோட ரிஸ்க் வேண்டாம். லவ் யூ.'

வசந்தா படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பல வாரங்களாகத் தொடாத லிஃப்ட்டில் ஏறினாள்.

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சண்டையில் எனக்குப் பயிற்சி உண்டு. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை ஏரிக்கரையில் பெனிட்டாவை நிறுத்தினேன். ஏழுமலையும் இருந்தார். வசந்தா நாலைந்து பேருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"பெனிட்டாம்மா, அன்னைக்கு முட்டி வலிச்சது எனக்கு. மூச்சும் எனக்குத்தான் வாங்குச்சு. சொல்ல வெட்கப்பட்டு அவ மேலே போட்டுட்டேன். அவளுக்கு ஒண்ணும் இல்லை. அவ ஏறுவா."

முதலில் வெடித்தது ஏழுமலை. "அட இன்னா சார் நீ! அக்கா இத்தினி நாளா நொண்டிகினு நடந்துச்சே! நாங்க வேற எண்ணெயக் குடு, சூப்பக் குடுன்னு..." திடீரென்று நிறுத்தினார். "அப்ப சூப்பு யாரு சார் குடிச்சது?"

நான் தலை குனிந்தேன்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது ஏழுமலை."

பெனிட்டா சிரிக்கவில்லை. "சார், நீங்க அன்னைக்கு மூச்சு முட்டி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நான் ஆன்ட்டி முட்டியைப் பத்திக் கவலைப்பட்டுட்டு இருந்திருப்பேன். உங்களைப் பாத்திருக்கவே மாட்டேன். அந்தப் பொய் உங்களுக்கே ஆபத்து சார்." பிறகு விசில் குரல் திரும்பியது: "ஆன்ட்டி வர்றாங்க. நீங்க ஹார்ட் செக்கப் பண்ணாம எந்த மலைக்கும் வரக்கூடாது."

பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு தியாகம் செய்துவிட்டவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வசந்தாவிடம் போனேன். "சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே நீ நொண்ட வேண்டாம்."

அவள் நின்றாள்.

"என்னைக் கேக்காம நொண்ட வெச்சீங்க. இப்ப என்னைக் கேக்காம நிறுத்துறீங்க."

சொல்லிவிட்டு, இரண்டு காலாலும் நேராக நடந்து என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நல்ல வேகம். என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களோடுதான் இத்தனை நாள் இருக்கிறேன். பொய்யைத் திருத்திக்கொள்ளலாம். பொய்யானாலும் உண்மையானாலும் அவளுக்காக நானே பேசுகிற பழக்கம் இருக்கிறதே — அது எழுபது தாண்டியும் தன்னைப் பழக்கம் என்று காட்டிக்கொள்வதே இல்லை. பாசம் மாதிரியேதான் இருக்கும்.

ஞாயிறு விடிகாலை அவள் ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். "வேன்ல அடிவாரம் வரைக்கும் வந்து கீழே உக்காந்திருக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். இது எங்கள் வீட்டில் புதிது.

யோசித்துப் பார்த்தாள். "வேண்டாங்க. நீங்க கீழே இருந்தா என் நெனைப்பும் கீழேயே இருக்கும்."

பொழுது சாயும் நேரத்தில் வேன் எங்கள் கேட் வாசலில் வந்து நின்றது. வசந்தாவுக்கு முன்னால் ஏழுமலையின் குரல் இறங்கியது.

"சார்! அக்கா இன்னா ஏறு ஏறுது! முன்னாடி போய்கினே கீது. பெனிட்டா மேடமே 'ஸ்லோ ஆன்ட்டி, ஸ்லோ'ன்னு கத்துது. பேஜாராப் பூடுச்சு எங்களுக்கு!"

வசந்தா இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. முழங்கையில் சின்னச் சிராய்ப்பு. பேன்ட் முட்டிவரை நனைந்து காய்ந்து, சுருங்கியிருந்தது.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"நல்லா இருந்தது."

"தண்ணி நிறைய இருந்ததா? என்ன நிறம்? போட்டோ எடுத்தியா?"

"எடுக்கலை."

குளித்துவிட்டு வந்து, பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. நடுவில் ஒருமுறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லை." கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இதையும் எழுதுவீங்களா?"

"எழுதணும். வாசகர்கள்கிட்ட பொய் சொல்லிட்டேன் இல்லையா... எழுதட்டுமா?"

"முட்டியைப் பத்தி எழுதிக்குங்க. ஏரியைப் பத்தி எழுத வேண்டாம்."

அதனால்தான் அதை எழுதவில்லை. மலை மேல் அத்தனை உயரத்தில் தண்ணீர் எப்படித்தான் நிற்கிறது, பக்கத்தில் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்.

எனக்கும்தான்.